நூறைத் தாண்டிய மணல்

"அம்மா, இந்த 105-ஐ அழிச்சிட்டு 98-னு எழுதிடட்டுமா?"

அடை மாவில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், ஒன்பதாவது படிக்கும் என் மகள் சமையலறை வாசற்படியில் கெமிஸ்ட்ரி நோட்டும் ரப்பருமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏண்டி மாத்தணும்?"

"நூறுக்கு மேல வரவே கூடாதும்மா. மத்தவங்க எல்லாம் 98, 99-னு அழகா எழுதியிருக்காங்க. எனக்கு மட்டும்தான் இப்படி!"

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிற ரகம். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில் வீட்டுக் கணக்கு நோட்டில் நாற்பது ரூபாய் இடித்தது. பயந்துபோய் அதைக் காய்கறிச் செலவில் சேர்த்துவிட்டேன். "இந்த வாரம் அவ்வளவு காயா வந்தது?" என்று அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர் இரண்டு முறை படித்தார். நாற்பது ரூபாய் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அதனால் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, "முதல்ல நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பள்ளியில் 3 கிராம் உப்பையும் 2 கிராம் மணலையும் கலந்து கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் விட்டுக் கலக்கினால் உப்பு கரையும், மணல் கரையாது. வடிதாளில் வடிகட்டி, மணலைத் தனியே உலர்த்த வேண்டும். வடித்த நீரைப் பீங்கான் கிண்ணத்தில் காய்ச்சினால் உப்பு மிஞ்சும். பிறகு கணக்கு: திரும்பக் கிடைத்த எடையை ஆரம்ப எடையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். இதைத்தான் 'பர்சன்டேஜ் ரெகவரி' என்கிறார்கள்.

அவளுக்குக் கிடைத்த உப்பு 2.76 கிராம். அதாவது 92 சதவீதம். மணலோ 2.10 கிராம். அதாவது 105 சதவீதம்!

"மணல் குட்டி போடுமா?" என்றேன். சிரித்துவிட்டாள். அழுகிற முகம் மாறியதே போதும் என்று எனக்கு இருந்தது.

நமக்குத் தெரியாததா? அலசிய கீரையை நிறுத்தால் எடை கூடத்தான் செய்யும். நூறுக்கு மேல் வந்தால் பொருள் பெருகவில்லை, கூடவே வேறு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "மணல் நல்லா காஞ்சுதா?" என்று கேட்டேன். "காஞ்ச மாதிரிதான் இருந்தது" என்றாள். "வடிகட்டின பிறகு மேலே கொஞ்சம் தண்ணி விட்டு அலசினீங்களா?" என்றதும் விழித்தாள்.

அலசவில்லை! அப்படியானால் மணலில் தங்கியிருந்தது வெறும் தண்ணீரல்ல, உப்புத் தண்ணீர். உலர்த்தும்போது தண்ணீர் போய், உப்பு மணலோடேயே நின்றிருக்கும். உப்பில் குறைந்ததும் மணலில் கூடியதும் இரண்டு தவறுகளல்ல, பெரும்பாலும் ஒரே தவறுதான். 105-ஐ அழித்திருந்தால், தொலைந்த உப்பு போன வழியையே அழித்திருப்பாள்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டு, எடுத்து வைத்திருந்த மணலை மீண்டும் அலசி வடிகட்டினாள். எடை போட்டு, மறுபடி சூடுபடுத்தி, ஆறியதும் மறுபடி எடை போட்டு, இரண்டு எடையும் ஒன்றாக வரும் வரை உலர்த்தினாள். காய்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி, கண்ணல்ல! இப்போது மணல் 1.99 கிராம். அலசிய நீரைக் காய்ச்சியதில் 0.09 கிராம் உப்பு. ஆக மணல் 99.5 சதவீதம், உப்பு 95 சதவீதம்.

மீதி உப்பு? தண்ணீர் வற்றும் நேரத்தில் தீ அதிகமாக இருந்தால் உப்பு படபடவென்று வெளியே தெறிக்கும். "ஆமாம்மா, தெறிச்சுது" என்று ஒப்புக்கொண்டாள். ஒரு வேடிக்கை பாருங்கள். மொத்தமாகக் கிடைத்தது முன்பு 4.86 கிராம், இப்போது 4.84. குறைந்துதான் போனது. ஆனால் இதுதான் நிஜமான கணக்கு.

இந்த 'வந்ததும் போனதும் சரியாக நிற்க வேண்டும்' என்ற எண்ணத்தை வேதியியலில் ஆழமாக ஊன்றியவர் பிரெஞ்சு நாட்டு லவாய்சியர். 1789-ல் வெளிவந்த அவருடைய வேதியியல் புத்தகத்தில் கருவிகளின் படங்களை வரைந்தவர் அவர் மனைவி மரி-ஆன். நாமும் பிள்ளைகளின் நோட்டருகே உட்காரலாம், தவறில்லை!

அப்படி உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எதை நூறு என்று வைத்துக்கொண்டாய்?" பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அரை கிலோ வெண்ணெயை உருக்கி 380 கிராம் நெய் எடுக்கிறோம். வெண்ணெயை நூறாக வைத்தால் 76 சதவீதம். ஆனால் அதில் 80 சதவீதம்தான் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், வரக்கூடிய நெய்யே 400 கிராம்தான். அதை நூறாக வைத்தால் நமக்குக் கிடைத்தது 95 சதவீதம்.

20 கிராம் சர்க்கரையை 180 கிராம் தண்ணீரில் கரைத்தால் எத்தனை சதவீதக் கரைசல்? 20-ஐ 180-ஆல் வகுத்தால் தப்பு. மொத்தக் கரைசல் 200 கிராம். ஆகவே 10 சதவீதம்.

8.4 கிராம் சமையல் சோடாவை நன்றாகச் சூடுபடுத்தினால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிவிடும். மிஞ்சக்கூடிய சலவை சோடா 5.3 கிராம்தான். கையில் கிடைத்தது 5 கிராம் என்றால், 8.4-ஆல் வகுத்து "அறுபதுகூட வரலையே" என்று அழ வேண்டாம். 5.3-ஆல் வகுங்கள், 94.3 சதவீதம்! இதற்கு 'ஈல்டு' என்று பெயர். பொருள் மாறாமல் திரும்பி வந்தால் ரெகவரி, புதுப் பொருள் உண்டானால் ஈல்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகள் நோட்டில் 105-ஐ அழிக்கவில்லை. அதன் கீழே காரணத்தை எழுதி, புதுக் கணக்கையும் எழுதினாள். தெறித்துப்போன உப்புக்காக டீச்சர் ஒரு மார்க் குறைத்திருந்தார். "பரவாயில்லைம்மா, அடுத்த தடவை தீயைக் குறைச்சு வெப்பேன்" என்றாள்.

உங்கள் வீட்டுக் குழந்தையும் ரப்பரைக் கையில் எடுத்தால் திட்டாதீர்கள். "என்ன செஞ்சேன்னு முதல்லேர்ந்து சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள். அடை கொஞ்சம் தாமதமானாலும் பாதகமில்லை.