இளம் நட்சத்திரங்களை உங்கள் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. கேம்ஸ் விளையாடியாயிற்று, படமும் பார்த்தாயிற்று. அடுத்து என்ன என்று யோசிக்கிறீர்களா? அண்மையில் பிறந்த நட்சத்திரங்களை அதே கம்ப்யூட்டரில் தேடிப் பிடிக்கலாம். டெலஸ்கோப் தேவையில்லை. இன்டர்நெட் இணைப்பும் இரண்டு இலவச புரோகிராம்களும் போதும்.

நான் கோவையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டவர் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் என் அமுச்சி. என் அக்காவுக்குக் கேட்டை நட்சத்திரம். கேட்டைப் பெண் வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று சொல்லி, கூடி வந்த இடம் ஒன்று தட்டிப்போனது. "அந்த நட்சத்திரத்துல அப்படி என்னதான் குறை? உன்ற கம்ப்யூட்டர்ல பாரு கண்ணு" என்றார் அமுச்சி.

கேட்டை எங்கே இருக்கிறது?

முதலில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்யுங்கள். ஊர் கோயம்புத்தூர், மாதம் ஜூன், நேரம் இரவு 10 மணி என்று கொடுங்கள். தெற்கே தேள் போல வளைந்த விருச்சிகம் தெரியும். அதில் சிவப்பாக இருப்பது கேட்டை. ஆங்கிலத்தில் அன்டாரெஸ். அதற்கு வலப்புறம் வரிசையாக நிற்கும் மூன்றும் அனுஷம்.

இவை எல்லாம் ஸ்கார்ப்பியஸ்-சென்டாரஸ் என்ற பெரிய நட்சத்திரக் கூட்டத்தின் உறுப்பினர்கள். இதில் மூன்று பிரிவுகள் உண்டு. விருச்சிகத்தில் இருப்பது அப்பர் ஸ்கார்ப்பியஸ். அதன் வயது ஏறக்குறைய 1 கோடி ஆண்டு. நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. சூரியனை 46 வயது ஆளாக வைத்துக்கொண்டால், இவை பிறந்து ஒரு மாதம் தாண்டிய குழந்தைகள்.

உறுப்பினரை எப்படி அறிவது?

தைப்பூச சமயத்தில் பழனி ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட பாதயாத்திரைக் குழு வழியில் சிதறிவிடும். ஆனாலும் எல்லோரும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடப்பார்கள். நட்சத்திரக் கூட்டமும் அப்படித்தான். பிறந்தபோது கிடைத்த வேகம் அவற்றிடம் இன்னும் இருக்கிறது.

இந்த நகர்வை அளந்தவை ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள். ஹிப்பார்கோஸ் தந்த அளவுகளை வைத்து 1999-ல் இந்தக் கூட்டத்தில் 521 உறுப்பினர்களைப் பட்டியலிட்டார்கள். அடுத்து வந்த கையா 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, 2025-ல் ஓய்வு பெற்றது. 2022-ல் வெளியான அதன் மூன்றாம் தொகுப்பில் சுமார் 180 கோடி விண்பொருள்கள் உள்ளன. அதை வைத்து இந்தக் கூட்டத்தில் இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம்.

செய்முறை

1. டாப்கேட் என்ற புரோகிராமை டவுன்லோடு செய்யுங்கள். இது இயங்க ஜாவா தேவை.

2. கையா ஆர்க்கைவ் தளத்தின் தேடல் பக்கத்தில் டெல்டா ஸ்கார்ப்பி என்ற நட்சத்திரத்தை மையமாகக் கொடுங்கள். அனுஷத்தில் நடுவில் இருப்பது இதுதான். ஆரம் 3 டிகிரி.

3. பேரலாக்ஸ் 6 முதல் 8 வரை என்று நிபந்தனை போடுங்கள். இதை மறந்தால் பின்னால் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் வந்து குவியும். பேரலாக்ஸ் என்பது தொலைவைக் காட்டும் எண். 1000-ஐ அதால் வகுத்து 3.26-ஆல் பெருக்கினால் ஒளியாண்டு. பேரலாக்ஸ் 6.9 என்றால் சுமார் 470 ஒளியாண்டு.

4. வரும் பைலை டாப்கேட்டில் ஓபன் செய்து, பிளேன் பிளாட்டில் இரண்டு நகர்வு எண்களையும் எதிரெதிரே வரையுங்கள். கிழக்கு-மேற்கில் மைனஸ் 11, வடக்கு-தெற்கில் மைனஸ் 23 என்ற இடத்தின் அருகே புள்ளிகள் கொத்தாகத் தெரியும். அதை மவுஸால் சுற்றி வளைத்துத் தனியே பிரியுங்கள்.

5. பிரித்தவற்றுக்கு நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்து இன்னொரு படம் வரையுங்கள்.

கேட்டையை இதில் தேடாதீர்கள். அவ்வளவு பிரகாசம் கையாவின் கேமராவுக்கு ஒத்துவராது.

நான் செய்த தவறு

முதல் முறை நான் தொலைவை மட்டும் பார்த்தேன். வந்த நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களும் குழந்தைகள் என்று வீட்டில் பெருமையடித்துவிட்டேன். ஐந்தாவது படியைச் செய்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பலவும் கிழட்டு நட்சத்திரங்கள்! பழனி ரோட்டில் நடப்பவர் எல்லாம் பக்தர் இல்லை. சந்தைக்குப் போகிறவரும் அதே ரோட்டில்தான் போவார். சிறிய இளம் நட்சத்திரம் இன்னும் முழுதாகச் சுருங்கியிருக்காது. எனவே அதே நிறமுள்ள பழைய நட்சத்திரத்தைவிடப் பிரகாசமாக, படத்தில் மேலே நிற்கும். ஃபில்டர் போட்டு வந்த பட்டியலை அப்படியே நம்பக்கூடாது. ஒரு சோதனை போதாது.

கடைசிச் சோதனை

இதன் பிறகு ஒளியைப் பிரித்து நிறமாலை எடுக்க வேண்டும். இது வீட்டில் முடியாது. நம் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் இயங்குகிறது. அதுபோன்ற கருவிகளில்தான் நிறமாலை எடுப்பார்கள். சிறிய நட்சத்திரத்தில் லித்தியம் மிச்சமிருந்தால் அது இளையது. வயதாக ஆக, உள்வெப்பத்தில் லித்தியம் அழிந்துவிடும். ஹைட்ரஜன் கோடு மிகப் பளிச்சென்று தெரிந்தால், சுற்றியுள்ள வாயு இன்னும் அதன்மேல் விழுகிறது என்று பொருள். அகச்சிவப்பு ஒளி கூடுதலாக வந்தால் சுற்றிலும் தூசித் தட்டு இருக்கிறது.

வகை பிரிப்பது வெப்பத்தை வைத்து. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்பது வரிசை. அனுஷத்தின் மூன்றும் வெப்பம் மிகுந்த பி வகை. கேட்டை குளிர்ந்த எம் வகை. அதுவும் 1 கோடி ஆண்டைச் சற்றுத் தாண்டியதுதான். ஆனால் எடை அதிகம் என்பதால் எரிபொருளை வேகமாகச் செலவழித்து, அதற்குள் பெருத்துச் சிவந்துவிட்டது. ஆக, நிறத்தை மட்டும் பார்த்தும் வயதைச் சொல்ல முடியாது.

படத்தை அமுச்சியிடம் காட்டினேன். "ஜாதகத்தில் கேட்டை என்றால் பிறந்த நேரத்தில் நிலா அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். நட்சத்திரம் 550 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது" என்றேன். அவர் புள்ளிகளை ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனையும் அதுகூடப் பொறந்ததுகளா? இதுகளுக்கு ஒண்ணும் ஆகலையே சாமி" என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள். முதல் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாவது படி முக்கியம்.