ரசீதில் என்ன எழுதியிருக்கிறது?

தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு லயத்தில் பரவும் முன்பே, தொழிலாளிக்குக் கிடைக்கப்போகும் பணத்தைத் தேடி ஆள் வந்துவிடுகிறார். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா), தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது பழகிப்போன கதை. 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிகளின்படி, ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்து பணிநீக்கம் ஆனவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் சேர வேண்டும். 55 வயதாகிவிட்டால் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணமும் உண்டு. சம்பள நாளில் கடைக் கணக்கைத் தீர்த்தால் கை காலியாகிவிடும் குடும்பத்தில், முதன்முறையாக ஒரு பெருந்தொகை. அந்த வாரமே தெரிந்தவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்துவார். "பேங்குல போட்டு என்னண்ணே கிடைக்கப் போவுது? எங்ககிட்ட போடுங்க, மாசாமாசம் வட்டி வீட்டுக்கே வரும்."

வட்டி எவ்வளவு என்றுதான் நாம் கேட்கிறோம். எல்லாரும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. மலேசியா 1986இல் அதைப் பார்த்துவிட்டது.

அந்த ஆண்டு ஜூலையில், கொப்பெராசி பெலியா பெர்சாத்து என்ற கூட்டுறவுச் சங்கத்தின் கிளைகளில் கூட்டம் கூடியது. சுருக்கமாகக் கொசாத்து என்பார்கள். சங்கத்தின் நிலைமை சரியில்லை என்ற பேச்சு கிளம்பியதும், போட்டவர்கள் எல்லாரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கொடுக்கப் பணம் இல்லை. அரசாங்கம் அவசர விதிகளைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 8ஆம் தேதி மத்திய வங்கியான பேங்க் நெகாரா மேலும் 23 சங்கங்களை முடக்கியது. மொத்தம் 24 சங்கங்கள், ஐந்து லட்சத்துக்கும் அதிகமான சேமிப்பாளர்கள், சுமார் 150 கோடி வெள்ளி. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், அதிலும் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள். தோட்டத்துத் தமிழருக்கு அன்று அடி குறைவு என்பதால், நம் வீடுகளில் இந்தக் கதை சொல்லப்படாமலே போய்விட்டது.

எந்த வங்கியும் நாம் போட்ட பணத்தை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. வீட்டுக் கடன், கார்க் கடன், வியாபாரக் கடன் என்று வெளியே விட்டுத்தான் வட்டி சம்பாதிக்கிறது. கொஞ்சமே கையில் இருக்கும். வழக்கமான நாளில் அது போதும். பயம் தொற்றிய நாளில் நல்ல வங்கிக்கே அது போதாது. இன்று அதற்கு வரிசைகூட வேண்டியதில்லை. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க உத்தரவுகள் குவிந்தன, பெரும்பாலும் கணினியிலும் கைப்பேசியிலும். மறுநாள் வங்கி மூடப்பட்டது.

1986 சங்கங்களின் நோய் வெறும் பயம் அல்ல. நிலத்திலும் பங்குச் சந்தையிலும் பணத்தைக் கொட்டியிருந்தார்கள், இயக்குநர்களுக்கும் அவர்களைச் சார்ந்த நிறுவனங்களுக்கும் கடன் கொடுத்திருந்தார்கள். 1985இன் பொருளாதார மந்தத்தில் நிலமும் பங்கும் விழுந்தபோது உள்ளே இருந்த ஓட்டை தெரிந்தது. வங்கியைவிடக் கூடுதல் வட்டி கொடுத்தார்கள், வங்கி போலவே கிளை வைத்திருந்தார்கள், ஆனால் வங்கிகளைக் கண்காணித்த பேங்க் நெகாராவின் பார்வைக்கு வெளியே இருந்தார்கள். சிலவற்றுக்கு அரசியல் கட்சியின் நிழலும் இருந்தது. 'கட்சிக்காரங்க இருக்காங்க, பணம் எங்கே போயிடும்?' என்ற நம்பிக்கை எல்லா இனத்துக்கும் பொது. முடக்கப்பட்ட பணம் உடனே வரவில்லை. பலருக்குப் பகுதி பணமாகவும் பகுதி பங்கு, பத்திரமாகவும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டுதான் வந்தது.

இந்தியாவில் 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. 1962இல் அங்கே வைப்புத்தொகைக் காப்புறுதி வந்துவிட்டது. நமக்கு அது வரக் கொசாத்துக்குப் பிறகு 19 ஆண்டுகள் ஆயின. 2005இல் தொடங்கிய அந்த அமைப்பின் பெயர் பிஐடிஎம். இன்று அது கொடுக்கும் காப்பு, ஒருவருக்கு ஓர் உறுப்பு வங்கியில் 250,000 வெள்ளி வரை, முதலும் வட்டியும் சேர்த்து. மனு போட வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். காப்புறுதிக் கட்டணம் வங்கியின் பொறுப்பு. ஒரே வங்கியில் உங்கள் பெயரில் ஒரு கணக்கும் மனைவியோடு சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கும் இருந்தால், இரண்டுக்கும் தனித்தனிக் காப்பு. இஸ்லாமிய முறைக் கணக்குக்கும் வழக்கமான கணக்குக்கும் அப்படியே. ஆகவே, உறுப்பு வங்கி ஒன்றைப் பற்றி வாட்சாப்பில் வதந்தி வந்தால், அந்த வரம்புக்குள் பணம் வைத்திருப்பவர் கோலா சிலாங்கூருக்கு வேன் பிடித்து ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஓடினால்தான் வங்கிக்கு ஆபத்து.

ஆனால் வங்கிக் கவுண்டரில் விற்பதெல்லாம் வைப்புத்தொகை ஆகிவிடாது. யூனிட் டிரஸ்ட், தங்க முதலீட்டுக் கணக்கு, பங்கு இவற்றுக்கு பிஐடிஎம் காப்பு கிடையாது. கையெழுத்துப் போடும் முன் "இதுக்கு பிஐடிஎம் உண்டா?" என்று கேளுங்கள், சொல்ல வேண்டியது வங்கியின் கடமை. தோட்டச் சம்பளக் கணக்குகள் பல இருக்கும் பிஎஸ்என், அக்ரோபேங்க், பேங்க் ராக்யாட் ஆகியவை பிஐடிஎம் உறுப்பினர்கள் அல்ல. பதற வேண்டாம், அவை தனிச் சட்டங்களின் கீழ் பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் இயங்குபவை. வாசலில் பிஐடிஎம் ஸ்டிக்கர் இல்லையே என்று கேட்பவருக்காகச் சொல்கிறேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் பணம் போட்டவருக்கு பிஐடிஎம் குடை இல்லை. எல்லாச் சங்கத்தையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளியின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கியது. ஆனால் அங்கே நீங்கள் வாடிக்கையாளர் அல்ல, உறுப்பினர். அதாவது உரிமையாளரில் ஒருவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகலாம், தணிக்கை செய்த கணக்கைக் கேட்கலாம், ஒருவருக்கு ஒரு வாக்கு. சங்கம் நொடித்தால் பங்குத் தொகை கடைசி வரிசையில்தான் நிற்கும். போட்டது பங்கா, வைப்பா? பலருக்கு இன்றும் தெரியாது.

இந்தக் குழப்பத்தின் விலை என்ன என்பதற்கு மைக்கா ஹோல்டிங்ஸ் சாட்சி. 1982இல் ம.இ.கா. கட்சி முன்னெடுத்த அந்த நிறுவனத்தில் சுமார் 66,000 பேர் ஏறக்குறைய 10 கோடி வெள்ளி போட்டார்கள், தோட்டத்து மக்கள் உட்பட. அதைச் 'சேமிப்பு' என்று நினைத்தவர்கள் ஏராளம். அது பங்கு. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு விலை வந்தபோது, இடையில் ஓடிய 28 ஆண்டுகளுக்கு வட்டி கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்து நம் கூட்டு. மாதம் இவ்வளவு என்று பத்திருபது பேர் போட்டு, ஏலத்திலோ சீட்டிலோ ஒருவர் எடுப்பது. மகள் கல்யாணமும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் இதில் நடந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் அதைத் தொழிலாக நடத்துவதைக் குற்றமாக்குகிறது. நம் சொல்லே சட்டத்தின் தலைப்பில் ஏறியிருக்கிறது! தண்டனை 10 ஆண்டு வரை சிறை, 500,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டுத் தலைவி இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்தால், உங்களிடம் இருப்பது ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிய பெயர்ப்பட்டியல் மட்டுமே.

உரிமம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவது இன்னும் பெரிய குற்றம். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம், பிரிவு 137: 10 ஆண்டு வரை சிறை, 5 கோடி வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பேங்க் நெகாரா ஓர் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாததால் ஒரு நிறுவனம் சுத்தமாகிவிடாது. உரிமம் உண்டா என்று 1-300-88-5465 எண்ணில் கேட்கலாம். பிஐடிஎம் உறுப்பு வங்கியா என்பதற்கு 1-800-88-1266.

அவசரம் இல்லாதவர் இபிஎஃப் பணத்தை 55இல் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அங்கேயே விட்டால் 100 வயது வரை லாப ஈவு உண்டு. வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு என்று சட்டமே சொல்கிறது. மோட்டார் சைக்கிள் அண்ணன் இதைச் சொல்ல மாட்டார்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? முதலில் ரசீது, பாஸ்புக், வங்கிச் சீட்டு, வாட்சாப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "பழைய ரசீதைக் கொடுங்க, புதுசு தர்றோம்" என்றால் மூலத்தைக் கொடுக்காதீர்கள். மோசடிக் கணக்குக்கு இப்போதுதான் பணம் போயிருந்தால், வேறு எதற்கும் முன் மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில் தாமதித்தால் பிடிக்க முடியாது. பிறகு போலீஸ் புகார், பேங்க் நெகாராவுக்குத் தகவல். கூட்டுறவுச் சங்கம் என்றால் புகார் மலேசியக் கூட்டுறவு ஆணையத்துக்கு, அதாவது எஸ்கேஎம்முக்கு. உரிமம் பெற்ற வங்கியோடுதான் தகராறு என்றால், முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால், அது கிடைத்த ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பதில் வந்த தேதியைக் கடித உறையின் மேலேயே குறித்து வையுங்கள்.