பேசாத கரைப்பான்

தொட்டியத்து வாழைத் தோட்டங்களுக்குப் பாயும் காவிரி நீரில் இருவகை ஹைட்ரஜன் கலந்திருக்கிறது. ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று, மற்றவற்றைப்போல் இருமடங்கு எடையுள்ளது. அதன் கருவில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்திருக்கும். 1931-இல் ஹரால்டு யூரே கண்டறிந்த டியூட்டிரியம் இதுவே. 6 லிட்டர் நீரிலுள்ள டியூட்டிரியம் முழுவதையும் திரட்ட முடியுமானால், சுமார் 1 கிராம் கனநீர் கிடைக்கும். திரட்டுவதுதான் கடினம். நம் நாட்டில் அதற்கான முதல் ஆலை 1962-இல் நங்கலில் தொடங்கிற்று. தூத்துக்குடி ஆலை 1978-இல் வந்தது.

கனநீர் என்றவுடன் கல்பாக்கத்து அணு உலைகள் நினைவுக்கு வரும். நான் சொல்ல விரும்புவதோ, கனநீரின் உதவியால் செய்யப்படும் மற்றொரு திரவத்தைப் பற்றி. அதன் பெயர் டியூட்டிரோ குளோரோபாரம். சாதாரணக் குளோரோபாரத்தில் உள்ள ஒரே ஹைட்ரஜனை நீக்கி, அவ்விடத்தில் டியூட்டிரியத்தை அமர்த்தினால் இது உண்டாகும். நிறமற்றது, 61 டிகிரி சென்டிகிரேடு அளவில் கொதிப்பது, நீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பார்வைக்கு இரண்டு குளோரோபாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. பின் எதற்காக இவ்வளவு பாடு?

வாழைப்பழ மணத்துக்கு முக்கிய காரணமான ஐசோஅமைல் அசிடேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறில் 14 ஹைட்ரஜன்கள் உள்ளன. அவை எவ்வெவ்விடத்தில் அமர்ந்துள்ளன என்பதை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி காட்டும். வலிய காந்தத்தினுள் ஹைட்ரஜன் கருக்கள் ரேடியோ அலைகளை ஏற்கின்றன. இடத்துக்கு இடம் அலைவரிசை சிறிதே மாறும். ஆனால் பொருளைக் கரைத்தல்லவா குழாயில் இடவேண்டும்? 10 மில்லிகிராம் எஸ்டரை அரை மில்லிலிட்டருக்குச் சற்று மேற்பட்ட குளோரோபாரத்தில் கரைத்தால், ஓர் எஸ்டர் மூலக்கூறுக்குக் கரைப்பான் மூலக்கூறுகள் ஏறத்தாழ 100 இருக்கும். அந்தக் கூச்சலில் எஸ்டரின் குரல் எடுபடாது.

வானொலி கேட்பவர்களுக்கு இதற்கான பரிகாரம் எளிதில் விளங்கும். ஹைட்ரஜன் 400 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் காந்தத்தில், டியூட்டிரியம் சுமார் 61 மெகாஹெர்ட்ஸில்தான் ஒலிக்கும். அது வேறொரு நிலையம்! ஆகவே நாம் கேட்கும் அலைவரிசையில் கரைப்பான் மௌனமாகிவிடுகிறது. அந்த வேறு நிலையமும் வீண்போவதில்லை. அதைக் கேட்டுக்கொண்டே கருவி தன் காந்தப்புலம் நகராதபடி காத்துக்கொள்கிறது.

மௌனம் முழுமையானதன்று. 99.8 விழுக்காடு தூய்மையான திரவத்திலும் எஞ்சிய சாதாரணக் குளோரோபாரம் 7.26 என்ற இடத்தில் ஒரு சிறு முகட்டைக் காட்டும். பென்சீன் வளையத்து ஹைட்ரஜன்கள் தோன்றுவதும் அதே வட்டாரம். அம்முகட்டைத் தம் பொருளுக்குரியதென்று எண்ணும் மாணவர், இல்லாத ஹைட்ரஜனைக் கணக்கில் சேர்த்துவிடுவார், அமைப்பே தவறாகிவிடும். ஐயம் எழுந்தால் டியூட்டிரோ அசிட்டோன் போன்ற வேறொரு கரைப்பானில் மறுபடி பார்ப்பதே முறை.

ஒளியும் காற்றும் பட்டால் இத்திரவம் சிதைந்து அமிலமும், பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவும் தோன்றும். அமிலம் ஆகாத பொருள்கள் அதில் கெட்டுப்போகும். ஆகவே பழுப்புக் குப்பியில், சில வேளை உள்ளே வெள்ளித் தகடு இட்டு, குளிர்ச்சியான இடத்தில் வைப்பார்கள். கையாள்வது புகைபோக்கி அறையில்.

ஆல்கஹால் போன்ற பொருளானால், அளந்து முடித்தபின் குழாயில் ஒரு துளி கனநீர் விட்டுக் குலுக்கி மீண்டும் அளந்து பாருங்கள். ஆக்சிஜனோடு இணைந்திருந்த ஹைட்ரஜன் கனநீரின் டியூட்டிரியத்தோடு இடம் மாறிக்கொள்ளும். அதற்குரிய முகடு மட்டும் மறைந்துவிடும்.