சாரல் வந்தாச்சு... சளிக் கணக்கு எழுதியாச்சா?

ஆனி பிறந்ததும் ஆரியங்காவு கணவாய் வழியே ஈரக்காற்று இறங்கும். குற்றாலத்தில் அருவி கொட்டும். வடகரை, அச்சன்புதூர், பண்பொழி பக்கம் கொடியில் போட்ட துணி லேசில் காயாது. கூடவே வீட்டுக்கு வீடு இருமல் சத்தம். ''சாரல் நேரம், அப்படித்தான் இருக்கும்'' என்று சுக்குக் காபியைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

பெரும்பாலும் அது சரிதான். சில நாட்களில் தானாகவே போய்விடும். ஆனால், அதே கிருமி கைக்குழந்தையையோ, ஆஸ்துமா உள்ள தாத்தாவையோ பிடித்தால் நிமோனியா வரை போகலாம். ஊரில் சுற்றுவது சாதாரண சளியா, இன்ஃப்ளூயன்ஸாவா? ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் தெரியாது. ஊர் முழுக்க எண்ணினால்தான் தெரியும்.

எண்ணுவது யார்?

இதற்காகவே 2004-ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இதில் மூன்று படிகள். காய்ச்சல், இருமல் உள்ளவர்களின் எண்ணிக்கையைக் களத்தில் இருக்கும் சுகாதாரப் பணியாளர் பதிவார். 'இன்ன நோயாக இருக்கலாம்' என்பதை டாக்டர் பதிவார். பரிசோதனையில் உறுதியானதை லேப் பதியும். 2021 முதல் இந்த விவரங்கள் புதிய இணையதளத்தில் ஏறுகின்றன.

வழக்கத்தைவிட ஓர் ஊரில் எண்ணிக்கை திடீரென்று கூடினால், அதுதான் எச்சரிக்கை மணி. தொண்டைச் சளி மாதிரி எடுப்பது, காய்ச்சல் முகாம் போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். எச்3என்2 வகை இன்ஃப்ளூயன்ஸா பரவிய 2023 மார்ச்சில், தமிழகம் முழுக்க ஒரே நாளில் 1,000 இடங்களில் முகாம் நடத்தியது நினைவிருக்கலாம்.

இரண்டு மழை, இரண்டு சீசன்

இன்ஃப்ளூயன்ஸா எல்லா ஊருக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. 2015-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், கேரளத்தின் ஆலப்புழையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், சென்னை, வேலூரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரிலும் உச்சம் தொட்டது தெரியவந்தது. நம் தென்காசி மாவட்டமோ இரண்டு மழையிலும் நனைகிற ஊர். சென்னைக் கணக்கை வைத்து வடகரையில் முடிவெடுக்க முடியாது. நம் ஊர்க் கணக்கு நமக்கு வேண்டும்.

கணக்கில் ஏறாத காய்ச்சல்

மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை' என்று வாங்கிப் போட்டுக்கொண்டால், அந்தக் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாது. தெருவில் பத்துப் பேர் இப்படிச் செய்தால், பேரேட்டில் அந்தத் தெரு ஆரோக்கியமாகவே இருக்கும்! வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்...

* வீட்டு காலண்டரிலேயே குறித்து வையுங்கள்: யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை டிகிரி, இருமல் உண்டா?

* 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் படுத்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

* காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

* குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, தாண்டினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ 108-ஐ அழையுங்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அதைச் சாரல் மேல் போடாதீர்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம்.

அடுத்த முறை செவிலியர் வாசலில் நின்று, ''வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்காம்மா?'' என்று கேட்டால், ''அதெல்லாம் ஒண்ணுமில்ல'' என்று அவசரமாக அனுப்பிவிடாதீர்கள். காலண்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு தகவல், அடுத்த தெருக் கைக்குழந்தையைக் காப்பாற்றலாம்.