சக்கரம் கழன்றது கியருக்குத் தெரியாது

ஈசிஆரில் கோவளம் தாண்டி ஒரு டீக்கடை. அக்கா மகனின் சைக்கிளில் பின் சக்கரம் பஞ்சர். மாற்று ட்யூப் பையில் இருக்கிறது, பம்ப் இருக்கிறது. ஆனால் அவன் சக்கரத்தைக் கழற்றாமல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.

“மாமா, இது எலெக்ட்ரானிக் கியர். கழட்டினா செட்டிங் எல்லாம் போயிடாதா?”

போகாது. உட்கார், டீ வரட்டும்.

பழைய கியர் சைக்கிளில் வேலை செய்வது ஒரு ஸ்டீல் கம்பி. அது இழுத்தால் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் அந்தக் கை, உள்பக்கம் நகரும். கம்பி தளர்ந்தால் ஸ்பிரிங் அதை வெளியே கொண்டுபோகும். ஷிமானோ 2009இல் டிஐ2 கொண்டுவந்தபோது கம்பி போய்ச் சின்ன மோட்டார் வந்தது. இவனுடையது அந்த வம்சம், பின்னால் 11 பல்சக்கரம். எத்தனையாவது பல்லுக்கு நேராக நிற்கிறோம் என்பதை மோட்டார் நினைவில் வைத்திருக்கும். எதிரே சக்கரம் இருக்கிறதா, அதை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்பது அதற்குத் தெரியாது. நடக்கிற தவறு பெரும்பாலும் இதில்தான்.

முதல் வேலை: சைக்கிளை சீட்டில் பிடித்துத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே, செயின் மிகச் சின்னப் பல்லுக்கு வரும்வரை பட்டனை அழுத்த வேண்டும். சின்னப் பல்தான் கடைசியில், வெளி ஓரத்தில் இருக்கிறது. செயின் அங்கே வந்துவிட்டால் டீரெய்லரும் ஒதுங்கி நிற்கும், வழி திறந்துவிடும். பிறகு ஆக்ஸிலை உருவி, டீரெய்லரைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் சக்கரம் தானாகக் கீழே இறங்கும். சைக்கிளைச் சாய்த்து வைப்பதானால் இடப்பக்கமாக. செயின் இருக்கும் பக்கம் தரையில் பட வேண்டாம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தான். ட்யூபும் மாற்றினான். நான் கிளாஸை வாயருகே கொண்டுபோன நேரத்தில் ‘ஸ்ஸிக், ஸ்ஸிக்’ என்று சத்தம். சும்மா இருக்க முடியாமல் பட்டனை அழுத்திப் பார்த்திருக்கிறான். ஐந்து தடவை.

சக்கரத்தை மாட்டப் போனால் உட்காரவில்லை. செயினைச் சின்னப் பல்லில் வைத்துத் தள்ளுகிறான், பெரிய பற்கள் போய் டீரெய்லரில் இடிக்கின்றன. இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து அழுத்தல் என்றால் டீரெய்லர் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கெட்டுப்போனது எதுவும் இல்லை. எதிர்ப் பட்டனை அழுத்தச் சொன்னேன். அதே ஸ்ஸிக், ஐந்து முறை. சத்தம் நின்றது, டீரெய்லர் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

இனி மாட்டுவது. செயின் வளையத்துக்குள் பல்சக்கரக் கொத்து நுழைய வேண்டும். வளையத்தின் மேல் செயின் சின்னப் பல்லின் முதுகில் உட்கார வேண்டும். டீரெய்லரைப் பின்னால் இழுத்தபடி சக்கரத்தை மேலே ஏற்று. இடப்பக்கம் டிஸ்க், பிரேக் கட்டைகளுக்கு நடுவே போகிறதா என்று குனிந்து பார். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடித்திருந்தால் கட்டைகள் நெருங்கிப்போய் டிஸ்க் நுழைய இடமிருக்காது. கியரைவிட இந்தத் தொல்லைதான் பெரிது என்பேன். ஆக்ஸிலை முறுக்கு, பெடலைச் சுற்று, ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கிப் பார்.

ஸ்ராம் ஆக்ஸஸ் போன்ற ஒயர்லெஸ் கியர் என்றாலும் முறை இதேதான். அதில் பேட்டரி டீரெய்லரின் முதுகிலேயே இருக்கும். காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது அதைக் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆட்டத்தில் விழித்துக்கொண்டு சார்ஜைத் தின்னும். வேறு சக்கரம் மாட்டினால் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கொத்து இம்மி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் செயின் உரசும். கம்பிக் கியரானால் திருகைத் திருக வேண்டும். இதில் அட்ஜஸ்ட் மோடில் பட்டனாலேயே இம்மி இம்மியாக நகர்த்தலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டூர் டி பிரான்ஸில் 1937 வரை டீரெய்லருக்கு அனுமதி கிடையாது. அதற்கு முன்பெல்லாம் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டுவார்கள். இரு பக்கமும் வேறு வேறு அளவுப் பல். கியர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றினார்கள். நாம் சக்கரத்தைக் கழற்றக் கியர் மாற்றுகிறோம்.

எலெக்ட்ரானிக் கியர் வாங்கியிருப்பவர்கள், வீட்டு வாசலில் நிழல் இருக்கும் ஒரு காலையில் மூன்று தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள். ஈசிஆர் வெயிலில் முதல் பாடம் வேண்டாம்.