பல் போன பாட்டிக்கும் பல் டாக்டர் வேண்டும்

"வாயிலே ஒரு பல்லுகூட இல்லே, என்னை எதுக்குய்யா பல் டாக்டர்கிட்டே இழுத்துக்கிட்டுப் போறே?" என்று கேட்கும் பாட்டிமார் நம் லயங்களில் நிறைய உண்டு. ஜொகூர்த் தோட்டங்களை விட்டுச் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளிலும் இதே கேள்விதான். பல்தானே போயிற்று, வாய் இருக்கிறதே! வாய்ப் புற்றுநோய் வருவது பல்லில் அல்ல. கன்னத்தின் உட்புறம், நாக்கு, ஈறு, நாக்கின் அடிப்பகுதி ஆகிய சதைகளில்தான்.

சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தில் பூமாலைக்குப் பக்கத்திலேயே வெற்றிலையும் பாக்கும் விற்கிறார்கள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் அது வேண்டியதுதான், குறை சொல்ல வரவில்லை. நாள் முழுக்கக் கன்னத்தில் அதக்கி வைப்பதில்தான் வம்பு. வெற்றிலை, புகையிலை, வாய்ப் புற்று இவற்றின் தொடர்பைப் பற்றிச் சிங்கப்பூரிலிருந்து மியூர், கிர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1960-லேயே எழுதினார்கள். குட்கா, கைனி, ஜர்தா போன்றவற்றை விற்க அந்நாடு 2016 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து தடை போட்டது.

"நான் பொயலை போடுறதில்லே, வெறும் வெத்தலை பாக்குத்தான்" என்பார்கள். அதுவும் தப்பிக்கும் வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் கொட்டைப்பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. சிகரெட்டும் குடியும் சேர்ந்த ஆண்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

சோதனை பெரிய காரியமில்லை. விளக்கும் சின்னக் கண்ணாடியும் போதும். உதட்டை மடக்கிப் பார்ப்பார், கன்னத்தை விலக்கிப் பார்ப்பார், நாக்கைத் துணியால் பிடித்து இரு ஓரங்களையும் பார்ப்பார், கழுத்தில் கட்டி உண்டா என்று தடவுவார். சில நிமிட வேலை, வலியே இல்லை. பல் பிடுங்கப் போனாலும், சுத்தம் செய்யப் போனாலும் "டாக்டர், வாய் முழுக்கப் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். வெற்றிலை போடுவதை மறைக்க வேண்டாம். எந்தப் பக்கம் அதக்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பொய்ப்பல் செட்டு இருந்தால் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

அடுத்த முறை வரைக்கும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கட்டி, காரணமில்லாத ரத்தக் கசிவு, வாய் திறக்க முடியாத இறுக்கம். சிவப்புத் திட்டு வெள்ளையைவிட மோசம். வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. கேரளாவில் திருவனந்தபுரம் பக்கம் 1996-ல் தொடங்கிச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. புகையிலை அல்லது குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே, சோதித்த ஊர்களில் வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. அவர்கள் கையில் இருந்தது வெறும் விளக்கும் கண்ணும்தான்!

திட்டு இருந்தாலே புற்று என்று அர்த்தமில்லை. சந்தேகம் வந்தால் துளிச் சதை எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி பட்டா நோய் பரவிடும்" என்று திண்ணையில் பேசுவது வீண் பேச்சு. சிங்கப்பூரில் இருப்பவர்களை ஊட்ரமில் பொது மருத்துவமனை வளாகத்திலுள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்பக்கூடும். பாட்டியைத் தனியாக அனுப்பாமல் கூடவே ஒருவர் போய் வாருங்கள்.