வெட்டும் நொதியும் விந்தணுவும்

களம்பூரில் தறி உள்ள வீட்டார் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. பாவும் ஊடும் ஒழுங்காக அமைந்து, முந்தானை வரை நெய்து முடித்த பின்னரும், தறியிலிருந்து அறுத்தெடுக்கும் வரை அது சேலையாவதில்லை. உரிய வேளையில் உரிய இடத்தில் விழும் வெட்டும் ஆக்கத்தின் ஒரு பகுதியே. ஆணுடலில் விந்தணு உருவாகும்போதும் இத்தகைய வெட்டுகள் நிகழ்கின்றன. அவற்றைச் செய்யும் நொதிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

மனித விந்தகத்தில் ஒரு மூல உயிரணு விந்தணுவாக முதிர ஏறத்தாழ 74 நாள்கள் ஆகும். பகுப்பு முடிந்த நிலையில் அது உருண்டையானது, வாலற்றது. பின்னர் உட்கரு இறுகித் தலையாகிறது; தலையின்மேல் தொப்பி போன்ற நொதிப்பை அமைகிறது; வால் நீள்கிறது; மிகுதியான உயிரணுச்சாறு களையப்படுகிறது. இம்மாற்றங்களின்போது தேவையற்ற புரதங்கள் துண்டிக்கப்பட வேண்டும்.

புரதத்தை வெட்ட நீர் வேண்டும். உயிரணுச் சவ்வோ கொழுப்பாலானது; நீரை ஏற்காதது. ஆதலின் சவ்வுக்குள் புதைந்திருந்தே வெட்டும் நொதிகள் உண்டென்று சொல்லப்பட்டபோது அறிஞர் பலர் ஐயுற்றனர். அந்நொதிகள் சவ்வைப் பலமுறை ஊடுருவி மடிந்து, நீர் புகத்தக்க சிறு குழி ஒன்றைத் தமக்குள்ளேயே அமைத்துக்கொள்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. மறதிநோயோடு தொடர்புடைய பிரிசெனிலின் இவ்வகையினது. அதன் உறவான எஸ்.பி.பி.எல்.2சி என்னும் நொதி, முதிர்ந்துவரும் விந்தணுக்களில் காணப்படுகிறது. சுண்ணச்சத்தை உள்ளிழுக்கும் புரதத்தைக் கட்டுப்படுத்தும் ஃபாஸ்ஃபோலாம்பன் என்ற சிறு புரதத்தை அது வெட்டுகிறது. 2019-இல் வெளியான ஆய்வில், இந்நொதி நீக்கப்பட்ட எலிகளின் விந்தணுக்கள் நீந்தும் திறனில் குன்றியிருந்தன.

சவ்வில் வேரூன்றித் தலையை வெளியே நீட்டி நிற்கும் 'ஆடம்' குடும்பமும் உண்டு. (ஆதம் நபியின் பெயரன்று, ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகள்.) ஆடம்-3 இல்லாத எலியின் விந்தணு நன்றாக நீந்தும், ஆயினும் கருப்பையிலிருந்து கருக்குழாய்க்குள் நுழையாது. வியப்பு யாதெனில், இந்த ஆடம்-3 வெட்டும் ஆற்றலை இழந்த நொதி. மனிதரிடம் அதன் மரபணுவே செயலற்ற எச்சமாகிவிட்டது. எலியிற் கண்டதை அப்படியே மனிதர்க்குப் பொருத்துதல் பிழை.

மனிதரைப் பற்றிய ஆய்வு நம் நாட்டிலேயே நடந்துள்ளது. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்கள், விந்துவில் அணுக்களே இல்லாத 340 இந்திய ஆடவரை ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 8.5 விழுக்காட்டினரிடம் ஒய் நிறப்புரியின் பகுதிகள் அழிந்திருந்தன. எஞ்சியோர்க்கு வேறு காரணங்கள். 2022-இல் ஆண் மலட்டுத்தன்மையோடு தொடர்புடைய எட்டு மரபணுக்களை அதே மையம் அறிவித்தது. அவற்றுள் மேற்சொன்ன சவ்வு நொதி எதுவும் இல்லை, தேடல் தொடர்கிறது.

தமிழாசிரியன் ஒருவன் இப்பொருளை எடுத்ததற்கு ஒரு சொல்லே காரணம். 'மலடி' என்ற சொல்லைத் தெருவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'மலடன்' என்ற சொல்லை அகராதியில்தான் கண்டேன். பிள்ளையில்லாத இணையர் இருவரில் ஒருவர்க்கு ஆண்பக்கக் குறையும் காரணமாகவோ துணைக்காரணமாகவோ உள்ளது என்கிறது மருத்துவம். மருமகளை ஊர் ஊராக மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வீட்டில், மகனுக்குச் செய்யவேண்டிய முதற் சோதனை விந்துச் சோதனை. அதற்கு ஊசியில்லை, கத்தியில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.